போர்டு மட்டும் மாறிய கட்டடம்

2009 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை மாலை. கோவையில் நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த இன்ஜினியரிங் காலேஜின் விடுதி டிவி ரூமில் நான்கு பேர்தான் இருந்தோம். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஃபார்முலா ஒன் தகுதிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. நேரம் முடிந்தபோது திரையோரப் பட்டியலின் முதல் வரியில் ஒரு பெயர் நின்றது. ஃபிசிகெல்லா. ஃபோர்ஸ் இந்தியா.

"டைமிங் சாஃப்ட்வேர்ல ஏதோ பக்குடா" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவன் சந்தேகம் நியாயமானது. அந்த அணி 2008-இல் களத்துக்கு வந்ததிலிருந்து அன்றுவரை 29 பந்தயங்கள் ஓடியிருந்தது. எடுத்த புள்ளிகள் பூஜ்யம். எட்டாவது இடத்துக்கு வந்தாலே ஒரு புள்ளி கிடைக்கும் காலம் அது. அந்த ஒன்றைக்கூட எடுக்காத அணி, நாளை எல்லோருக்கும் முன்னால் நின்று கிளம்பப்போகிறது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு டிவி ரூமில் நிற்க இடமில்லை. எங்களில் பாதிப் பேர் கிரிக்கெட் கூட்டம். ஆனால் கோவைக்காரர்களுக்கு ரேஸ் கொஞ்சம் ரத்தத்தில் உண்டு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். காரில் காவியும் வெள்ளையும் பச்சையும் வேறு. அணி இந்திய உரிமத்தில் ஓடியது. ஜெயித்தால் மேடையில் ஓட்டுநரின் நாட்டுக்கு ஒரு கீதம், அணியின் நாட்டுக்கு ஒரு கீதம் என்று இரண்டு வாசிப்பார்கள். "ஜன கண மன வாசிப்பாங்கடா" என்று ஒரு சீனியர் சொல்லிவிட்டார். அதன்பிறகு யாரும் உட்காரவில்லை.

முதல் லேப்பிலேயே பின்னால் நாலு கார்கள் மோதிக்கொண்டன. சேஃப்டி கார் வந்தது. அது விலகிய ஐந்தாவது லேப்பில் ஃபெராரியின் ரைக்கோனன் நேர்ச்சாலையில் ஃபிசிகெல்லாவைத் தாண்டிப் போனார். அவர் காரில் கெர்ஸ் இருந்தது: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து வைத்து, லேப்புக்கு ஆறரை நொடி அளவுக்கு 80 குதிரைத்திறன் கூடுதலாகத் தரும் கருவி. ஃபோர்ஸ் இந்தியா காரில் அது இல்லை. மிச்சம் இருந்த லேப்கள் முழுக்க ஃபிசிகெல்லா ஒட்டிக்கொண்டே ஓட்டினார். முடிவில் வித்தியாசம் 0.939 நொடி.

இரண்டாம் இடம். எட்டுப் புள்ளிகள். கைதட்டினோம். ஆனால் மெஸ்ஸுக்குப் போகும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த பந்தயத்துக்குள் ஃபிசிகெல்லாவை ஃபெராரி கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே அந்த வருடம் ஐந்து பந்தயங்கள் ஓட்டினார். ஒரு புள்ளியும் எடுக்கவில்லை.

*

அந்த வயதில் எனக்கு ஃபோர்ஸ் இந்தியா என்றால் ஒரு புது அணி. ரொம்பப் பின்னால்தான் அது புதுசே இல்லை என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் தடத்தின் வாசலுக்கு எதிரே ஒரு தொழிற்சாலை. அதைக் கட்டியவர் எடி ஜோர்டான் என்ற அயர்லாந்துக்காரர். 1991-இல் ஜோர்டான் அணி ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. ஷூமாக்கர் முதன்முதலாக ஓட்டிய ஃபார்முலா ஒன் கார் இவர்களுடையதுதான், அதுவும் ஸ்பாவில். நாலு பந்தயங்கள் ஜெயித்தார்கள். பிறகு காசு தீர்ந்தது. 2005-இல் ஜோர்டான் அணியை விற்றார். 2006-இல் அதே கட்டடத்தில் மிட்லண்ட் என்ற போர்டு. 2007-இல் ஸ்பைக்கர். அந்த வருடக் கடைசியில் விஜய் மல்லையா கூட்டாளியுடன் சேர்ந்து வாங்கினார். 2008-இல் ஃபோர்ஸ் இந்தியா. நாலு சீசன், நாலு பெயர். உள்ளே வேலை பார்த்தவர்களில் பலர் மாறவில்லை. ஜோர்டான் காலத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்த ஆண்டி ஸ்டீவன்சன்தான் ஃபோர்ஸ் இந்தியாவிலும் பந்தய நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

நரேன் 2005-இல் ஓட்டியதும் இந்தக் கட்டடத்துக்காகத்தான். ஜோர்டான் என்ற பெயருக்கு அது கடைசி வருடம். இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய அந்த விசித்திரமான பந்தயத்தில் நாலாவது வந்தார்.

இன்னொன்று. ஜோர்டானின் கடைசி வெற்றி 2003 பிரேசிலில். மழை, விபத்து, பந்தயம் பாதியில் நின்றது. ஜெயித்தது ரைக்கோனன் என்று அறிவித்துக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். லேப் கணக்கை மறுபடி பார்த்தபோது தப்பு தெரிந்தது. சில நாள் கழித்து வெற்றி ஃபிசிகெல்லாவுக்குப் போனது. அதாவது 2009-இல் நாங்கள் விடுதியில் பார்த்தது, அதே தொழிற்சாலையில் செய்த காரை அதே ஓட்டுநர் ஓட்டி, அதே ஆளுடன் போட்டி போட்டதைத்தான். ஆனால் புள்ளிவிவரப் பக்கத்தில் இந்த இரண்டும் வேறு வேறு அணிகள். ஒன்றுக்கு நாலு வெற்றி. மற்றதற்கு ஒன்றும் இல்லை.

*

வெற்றியே இல்லாத அணி என்றால் மோசமான அணி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபார்முலா ஒன்னில் அதிகப் பந்தயங்கள் ஓடியும் ஒன்றுகூட ஜெயிக்காத அணிகளில் ஒன்று ஆரோஸ். 1978 முதல் 2002 வரை 382 பந்தயங்கள். ஆனால் தங்களுடைய இரண்டாவது பந்தயத்திலேயே முன்னணியில் ஓடியவர்கள் அவர்கள். இன்ஜின் போய்விட்டது. 1997 ஹங்கேரியில் டேமன் ஹில் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார். முடியும் தறுவாயில் ஹைட்ராலிக்ஸ் கோளாறு. கடைசி லேப்பில் முதல் இடம் போனது. அடுத்த வருடம் அதே ஹில் ஜோர்டானுக்கு வந்து அந்த அணியின் முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். இடம் ஸ்பா, தேதி ஆகஸ்ட் 30. நாங்கள் 0.939 நொடியில் கோட்டைவிட்ட தேதியும் அதுதான், பதினோரு வருடம் கழித்து.

ஃபோர்ஸ் இந்தியாவுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. 2008 மொனாக்கோ மழையில் சூட்டில் 18-ஆவது இடத்தில் கிளம்பி நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் சில லேப்கள்தான். சுரங்கத்தைத் தாண்டியதும் பின்னால் வந்த கார் கட்டுப்பாடு இழந்து இடித்தது. இடித்தது யார் என்று சொல்ல வேண்டுமா? ரைக்கோனன்தான். சூட்டில் பிட்டுக்கு வந்து அழுதார். 2012 பிரேசிலில் ஹுல்கென்பெர்க் முப்பது லேப் முன்னணியில் இருந்தார். ஈரத்தில் வழுக்கி ஹாமில்டனுடன் மோதி, தண்டனை வாங்கி, ஐந்தாவதாக முடித்தார்.

இந்த மாதிரி நாட்கள் பத்து வருடத்தில் நாலைந்து வரும். மிச்ச நாட்களில் இவர்கள் செய்தது, ஒன்பதாவது இடத்தை ஏழாவதாக ஆக்குவது. மெர்சிடிஸ் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காசு கொடுத்து வாங்கினார்கள். கார் மாடலைக் காற்றில் சோதிக்க ஜெர்மனியில் டொயோட்டாவின் விண்ட் டனலை வாடகைக்கு எடுத்தார்கள். பெரெஸ் டயரைத் தேயவிடாமல் ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால், மற்றவர்கள் இரண்டு முறை டயர் மாற்றும் இடத்தில் இவர்கள் ஒரே முறை மாற்றி இரண்டு மூன்று இடம் முன்னால் போனார்கள். மெர்சிடிஸிலும் ஃபெராரியிலும் இருந்த ஆட்களில் பாதிகூட இங்கே இல்லை. இருந்தும் 2016, 2017 இரண்டு வருடமும் நாலாம் இடம். முன்னால் இருந்த மூன்று அணிகள் மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல். அதற்கு மேல் போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

வியப்பு என்னவென்றால், முதலாளிகளின் நிலைமை மோசமாக ஆக ஆகத்தான் அணி மேலே போனது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றன. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. அதே மாதக் கடைசியில் நொய்டா பக்கம் புத் தடத்தில் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தது. ஃபோர்ஸ் இந்தியா எட்டாவதாக வந்து புள்ளிகள் எடுத்தது. இன்னொரு முதலாளியான சஹாராவின் சுப்ரதா ராய் 2014-இல் திகார் சிறைக்குப் போனார். மல்லையா 2016-இல் நாட்டை விட்டுப் போனார். அந்த வருடம்தான் முதல் நாலாம் இடம்.

அந்த 2012 அக்டோபரில் நான் கைதட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தட்டியிருப்பேன். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சம்பளம் வராத மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

*

ஓ.எம்.ஆரில் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனி. சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருள் செய்தோம். டெண்டர் போட்டால் மூன்றாவதாக வருவோம். பெரிய பெயர்கள் இரண்டும் விலை அதிகம் சொன்னால் எங்களுக்குக் கிடைக்கும். நான் சேர்ந்த பிறகே கம்பெனி ஒருமுறை கைமாறியது. வாசலில் போர்டு மாறியது, ஐடி கார்டின் கயிறு நிறம் மாறியது, மெயில் முகவரி மாறியது. நாற்காலி மாறவில்லை.

டெஸ்டிங் டீமில் ஓர் அக்கா இருந்தார். 2006-இல் சேர்ந்தவர். வெளியிடும் முன் எங்கள் கோடை இரவில் தானாக ஓடிச் சோதிக்கும் டெஸ்ட்களில் பெரும்பகுதி அவர் எழுதியவை. காலையில் எல்லோரும் காபிக்குப் போகும்போது அவர் இரவு ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பார். சிவப்பாக ஏதாவது இருந்தால் நேராக நம் சீட்டுக்கு வருவார். எந்த விழாவிலும் அவருக்கு விருது கொடுத்து நான் பார்த்ததில்லை. கிளையன்ட்டிடம் போகாத பிழைக்கு யார் விருது கொடுப்பார்கள்?

2019-இல் சம்பளம் நின்றது. முதலில் பத்து நாள் தாமதம், பிறகு ஒரு மாதம், பிறகு மூன்று. மீட்டிங்கில் "நாம ஒரு குடும்பம்" என்றார்கள். முதலாளி வீட்டுக் கல்யாணம் நடந்ததும் அந்த மூன்று மாதத்தில்தான். அக்கா அப்போதும் காலை எட்டரைக்கு வந்து ரிப்போர்ட் பார்த்தார்.

"ஏன்க்கா, இன்னும் எதுக்கு இவ்ளோ பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நான் பாக்கலன்னா நாளைக்கு கிளையன்ட் போன் பண்ணுவான். மொதலாளிக்கா பண்ணுவான்? உனக்குத்தான் பண்ணுவான்."

ஒருநாள் அவரே என் சீட்டுக்கு வந்து ஒரு பேப்பரை வைத்தார். தொழிலாளர் துறைக்கு மனு. சம்பள பாக்கி. கீழே ஒன்பது கையெழுத்துகள், முதலாவது அவருடையது. நான் படித்தேன். கம்பெனியை வாங்க ஆள் வந்திருக்கிறது, யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போடுகிறார்கள் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் கடன் தவணை, ஒன்றரை வயதுக் குழந்தை, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. "நைட்டு யோசிச்சு சொல்றேன்க்கா" என்றேன். "சரிப்பா" என்று எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் போர்டு மறுபடி மாறியது. ஜூனில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டியல் வந்தது. அக்கா பெயர் இருந்தது. பழைய பாக்கி பழைய கம்பெனியின் பொறுப்பு என்றார்கள். பழைய கம்பெனி எங்கே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

*

2018 ஜூலையில் நடந்த ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

ஹங்கேரி பந்தய வாரம். ஃபோர்ஸ் இந்தியாவுக்கு எக்கச்சக்கக் கடன். யாராவது ஒருவர் அணியைக் கலைக்கக் கோரி, கோர்ட்டும் ஒப்புக்கொண்டால், கதவைப் பூட்டிச் சொத்துகளை விற்க வேண்டியதுதான். நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகும். அதற்கு மாற்றாக அங்கே இன்னொரு வழி உண்டு. கோர்ட் ஒரு நிர்வாகியைப் போடும். அவர் கம்பெனியை ஓட்டிக்கொண்டே வாங்க ஆள் தேடுவார். அதற்கும் யாராவது கோர்ட்டுக்குப் போக வேண்டும். போனவர் செர்ஜியோ பெரெஸ். அவருக்கும் அணி சம்பளம் பாக்கி வைத்திருந்தது. அணியில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால், வேலைகளைக் காப்பாற்றத்தான் போனதாகச் சொன்னார். தான் ஓட்டும் அணிக்கு எதிராகக் கோர்ட்டில் தன் பெயரைப் போட்டுவிட்டு, அந்த ஞாயிறு அதே காரில் ஏறி ஓட்டினார்.

லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் ஒரு குழு வாங்கியது. வேலைகள் பிழைத்தன. ஆனால் விதிப்படி அது புது அணி என்பதால் அந்த வருடம் அதுவரை எடுத்த 59 புள்ளிகள் அழிந்தன. அடுத்த பந்தயம் ஸ்பா. பூஜ்யத்திலிருந்து கிளம்பிய இரண்டு இளஞ்சிவப்புக் கார்களும் தகுதிச்சுற்றில் மூன்றாவதும் நாலாவதும். பந்தயத்தில் ஐந்தாவதும் ஆறாவதும். கோர்ட் வாசலில் நின்ற அந்த வாரங்களிலும் யாரோ காரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2018-இல் இதைப் படித்தபோது என் மனதில் நின்றது 59 புள்ளிகள் அழிந்த அநியாயம் மட்டும்தான். கையெழுத்துப் போட்ட ஆளை நான் கவனிக்கவே இல்லை.

*

2020 டிசம்பர் 6. பஹ்ரைனில் சாகிர் கிராண்ட் பிரி. நம் நேரத்துக்கு இரவு. குழந்தை தூங்கிவிட்டதால் ஒலியை அடைத்துவிட்டு லேப்டாப்பில் பார்த்தேன். அணியின் பெயர் இப்போது ரேசிங் பாயிண்ட். முந்தைய வருட மெர்சிடிஸின் பிரேக் டக்ட் வடிவமைப்பைப் பயன்படுத்தினார்கள் என்று அந்த சீசனில் புள்ளிகளும் பறிபோய் அபராதமும் விழுந்திருந்தது. பெரெஸுக்கு அடுத்த வருடம் சீட் கிடையாது என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அணியைக் காப்பாற்றிய ஆளுக்கு அணியில் இடமில்லை.

முதல் லேப்பிலேயே ஒரு கார் இடித்து, பெரெஸ் சுழன்று, கடைசி இடத்துக்குப் போனார். 87 லேப் பந்தயம். ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்தார். முன்னால் இருந்த மெர்சிடிஸ்காரர்கள் பிட்டில் டயரை மாற்றிப் போட்டுக் குளறினார்கள். பெரெஸ் ஜெயித்தார். 190-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி. இரண்டாவது வந்த ஒக்கோன், 2017-இல் இதே இளஞ்சிவப்புக் காரில் பெரெஸுடன் அடிக்கடி மோதிக்கொண்டிருந்த பழைய ஃபோர்ஸ் இந்தியாக்காரர்.

மேடையில் மெக்சிகோவின் கீதம். அடுத்து பிரிட்டனுடையது. காதில் ஒலி இல்லாததால் கொடிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 2009-இல் நின்றுகொண்டே பார்த்த நாற்பது பேருக்கும் அந்தக் கீதம் வரவே இல்லை. சில்வர்ஸ்டோன் கட்டடத்துக்கு அது 2003-க்குப் பிறகு முதல் வெற்றி. கணக்கில் ரேசிங் பாயிண்ட் 1, ஃபோர்ஸ் இந்தியா 0.

தூக்கம் வரவில்லை. ஆபீஸ் கோடைத் திறந்தேன். கிட் என்ற மென்பொருள் ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று மெயில் முகவரியோடு வைத்திருக்கும். அக்காவின் டெஸ்ட்களில் அவர் மூன்று பேராக இருந்தார். ஒரே பெயர், மூன்று கம்பெனி முகவரிகள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற பட்டியலில் மூன்று அக்காக்களும் நடுவில் எங்கேயோ சிதறிக் கிடந்தார்கள்.

கிட்டில் மெயில்மேப் என்று ஒரு சின்ன ஃபைல் வைக்கலாம். இந்த மூன்று முகவரியும் ஒரே ஆள் என்று மூன்று வரி எழுதினால் போதும், கணக்கைச் சேர்த்துக் காட்டும். எழுதினேன். பட்டியலை மறுபடி ஓட்டினேன். அக்கா முதல் வரியில் வந்து நின்றார்.

திங்கள் காலை அவருக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தார். "அத வச்சு பாக்கி சம்பளம் வருமாப்பா?"

"வராதுக்கா."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்த மனு இன்னும் நடக்குது. பிப்ரவரில கூப்பிட்டிருக்காங்க. அந்த மூணு மாசம் சம்பளம் வரலன்னு உள்ள இருக்கற ஆள் ஒருத்தர் வந்து சொன்னா நல்லாருக்கும்னாங்க" என்றார். என்னைக் கேட்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

"நான் வரேன்க்கா" என்றேன்.

போனேன். தகரப் பீரோக்கள், மேலே மெதுவாகச் சுற்றும் ஃபேன். எதிர்த் தரப்பில் ஒரு வக்கீல், பழைய கம்பெனிக்கும் புதுக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு கற்றைக் காகிதத்தோடு வந்திருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க எந்தக் கம்பெனில வேலை பாக்கறீங்க?" என்றார்.

மூன்று பெயரையும் சொன்னேன்.

"ஒண்ணு சொல்லுங்க சார்."

"கட்டடம் ஒண்ணுதான் சார். நாற்காலியும் ஒண்ணுதான். போர்டுதான் மாறுச்சு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்று பெயரையும் நடுவில் கோடு போட்டு ஒரே வரியில் எழுதிக்கொண்டார்.